வெட்டுவதற்கு முன் தகட்டைப் படியுங்கள்

தருமபுரி மாவட்டத்துப் பழைய இரும்புக் கடைக்காரர்களுக்கு,

பாலக்கோடு, காரிமங்கலம், மொரப்பூர், அரூர், பென்னாகரம் என்று ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கிற ஆள் நான். உங்களில் பலருக்கு முகம் தெரியும். "டில்லர்காரர் வந்துட்டாரு" என்று உள்ளே குரல் கொடுப்பீர்கள். டீ சொன்னவர்களும் உண்டு. "வாங்குறதும் இல்ல, நம்மள வேலை செய்ய விடுறதும் இல்ல" என்று என் காதில் விழும்படி சொன்னவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சேலம் ரோட்டோரம் ஒரு கடை. நான் போய்ச் சேர்வதற்குள் பவர் டில்லர் ஒன்றை கேஸ் வைத்து வெட்டி முடித்திருந்தார்கள். கியர் பெட்டி இளநீர் பிளந்த மாதிரி இரண்டாகக் கிடந்தது. கருகிய கியர் ஆயில் நாற்றம் தெருவரைக்கும் வந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே பல்சக்கரங்களில் ஒரு பல்கூட உடையவில்லை, தேய்மானம்கூடப் பெரிதாக இல்லை. "கம்பெனித் தகடு எங்கண்ணா?" என்றேன். "அலுமினியச் சாக்குல கிடக்கும், தேடிக்கோங்க" என்றார்கள். குக்கர் மூடி, ஜன்னல் சட்டம், ஃபேன் இறக்கை எல்லாவற்றுக்கும் அடியில், முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தது. உளியால் நெம்பி எடுத்ததில் இரண்டாக மடிந்து, எண் இருந்த இடத்தில் சரியாகக் கிழிந்திருந்தது. பெங்களூர் என்ற ஊர்ப் பெயரும் ஜப்பான் கம்பெனியின் பெயரும் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தன. நான் ஆறு வருஷமாகத் தேடுகிற பழைய வார்ப்பு அது.

உங்களைக் குறை சொல்ல வரவில்லை. எடைக்கு வாங்கி எடைக்கு விற்பது உங்கள் தொழில். தோட்டத்துக்காரரே "வழியில கெடக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கொடுக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் அந்த வண்டியை முழு உருவத்தில் கடைசியாகப் பார்க்கிறவர்கள் நீங்கள்தான். உங்கள் கடையைத் தாண்டினால் அடுத்தது உலைதான். அதனால்தான் மெக்கானிக்குகளுக்கோ விவசாயிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தேடுவது என்ன என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டில் 'கார்டன் டிராக்டர்' என்று ஒரு ஜாதி உண்டு. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961இல் 'கப் கேடட்' என்று விட்டதெல்லாம் அந்த வகை. வீட்டைச் சுற்றிப் புல் வெட்டவும் பனி தள்ளவும் பயன்பட்டவை. நமக்கு அது ஒத்துவராது. நம் ஊரில் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம், மானாவாரி என்றால் கொல்லை. மல்பெரி வரிசைக்கு நடுவே, மாந்தோப்பில் கிளைக்கு அடியில், தக்காளிக்கும் மஞ்சளுக்கும் பார் பிடிக்கிற இடத்தில் பெரிய டிராக்டர் திரும்பாது. அங்கே நுழைகிற வண்டிதான் நம் தோட்டத்து டிராக்டர். அது பெரும்பாலும் ஆள் பின்னால் நடந்து ஓட்டுகிற பவர் டில்லர். அதற்கு அண்ணன் மாதிரி, பிறகு வந்த பதினெட்டரை எச்பி, மூன்று சிலிண்டர் மினி டிராக்டர். யாழ்ப்பாணத்தில் இரண்டு சக்கர டில்லரை 'லாண்ட்மாஸ்டர்' என்பார்கள். அது ஓர் இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர். கம்பெனியை மறந்தும் பெயரை விடவில்லை. நம் ஊரில் எந்தக் கம்பெனி டில்லரையும் 'மிட்சுபிஷி' என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அடையாளம் காண்பதில் முதல் தொல்லை இந்தப் பேச்சு வழக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தியாவுக்குப் பவர் டில்லர் வந்தது 1963இல் என்று வேளாண் பொறியியல் பாடப்புத்தகம் சொல்கிறது. இசேகி, சாட்டோ, கிரிஷி, குபோட்டா, யான்மார், மிட்சுபிஷி என்று அந்தக் காலத்துப் பெயர்களை வரிசையாகவும் போடுகிறது. இவற்றில் நம் மாவட்டத்துக்கு நெருங்கியவை இரண்டு. ஒன்று, 1967இல் மிட்சுபிஷியின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. அந்த மூன்று எழுத்து வி.எஸ். திருவேங்கடசாமி முதலியார் என்ற தமிழர் பெயரின் சுருக்கம். இன்று ஓசூரிலும் அவர்களுக்கு டிராக்டர் ஆலை இருக்கிறது. இன்னொன்று, 1973இல் கேரள அரசு எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் தொடங்கிய காம்கோ. அதன் வேர் குபோட்டா. பெங்களூரிலிருந்து லாரியில் ஏற்றினால் முதலில் வருவது ஓசூர், கிருஷ்ணகிரி, அடுத்து நாம். நம் களத்துமேடுகளில் மிட்சுபிஷி அதிகம் துருப்பிடித்துக் கிடப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, தகட்டுக்கு வருகிறேன். தகட்டில் எல்லாரும் மாடல் பெயரையும் எண்ணையும்தான் பார்ப்பார்கள். நான் முதலில் முகவரியைப் படிப்பேன். கம்பெனித் தகட்டுக்குப் பக்கத்திலோ, டூல் பாக்ஸ் மூடியிலோ, டிரெய்லர் பலகையிலோ விற்ற டீலரின் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் 'தருமபுரி, சேலம் மாவட்டம்' என்றிருந்தால் உங்கள் கையிலிருப்பது 1965 அக்டோபர் 2க்கு முந்தையது. அன்றுதான் தருமபுரி தனி மாவட்டமானது. 'கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்' என்றிருந்தால் அந்தத் தேதிக்கும் 2004 பிப்ரவரிக்கும் இடையில். மாநிலத்தின் பெயர் மெட்ராஸ் என்றிருந்தால் 1969 பொங்கலுக்கு முன். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று எழுதியிருந்தால் 1996க்கு முன். ஊருக்குப் பின்னால் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அந்த எண் இருந்தால் தகடு அதற்குப் பிந்தையது. டீசல் பம்ப்பில் 'மைகோ' என்று இருந்தால், அந்தப் பெங்களூர் கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறுவதற்கு முன்னால் செய்த பம்ப். பதிவான வண்டி என்றால் நம்பர் பிளேட்டும் உதவும். டிஎன் 29 என்றால் 1989க்குப் பிறகு இங்கே பதிவானது. எம் அல்லது டி என்று தொடங்கும் மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் என்றால் அதற்கு முந்தியது.

இதில் ஓரிரு வருஷம் முன்பின் இருக்கும். பெயர் மாறிவிட்டது என்பதற்காக எந்த டீலரும் அச்சடித்து வைத்த தகட்டைத் தூக்கி எறிய மாட்டார். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நானே ஏமாந்திருக்கிறேன். டூல் பாக்ஸில் சேலம் மாவட்டம் என்று அழகான தகடு. அறுபதுகளில் இறக்குமதியான டில்லர் என்று ஒரு வாரம் தூக்கமில்லாமல் கிடந்தேன். டூல் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் நான்கு போல்ட்டில் இரண்டுதான் ஓட்டைக்குச் சரியாக இருந்தன. பெட்டி ஏதோ பழைய டிராக்டருடையது. வண்டி எண்பதுகளைச் சேர்ந்தது. அந்த வீட்டுப் பெரியவர், "பொட்டி நல்லா இருந்துச்சு, எடுத்து மாட்டினோம்" என்றார். தப்பே இல்லை.

அடுத்தது எண். உங்கள் கடைப் பையன்கள் எனக்குப் போன் செய்து ஓர் எண் சொல்வார்கள். பத்துக்கு எட்டு தடவை அது என்ஜின் எண்ணாக இருக்காது. இரும்பில் புடைத்து நிற்கிற எண் வார்ப்பு எண். அச்சிலேயே வந்தது; அதே எண் ஆயிரக்கணக்கான வண்டிகளில் இருக்கும். குழிந்து, சுத்தியலால் அடித்தது போல, கொஞ்சம் கோணலாக, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருப்பதுதான் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரிய எண். எனக்கு இரண்டும் வேண்டும். புடைத்த எண் எந்த மாடல் என்று சொல்லும், குழிந்த எண் எந்த வண்டி என்று சொல்லும். துருவும் கிரீஸும் மூடியிருந்தால் கிரைண்டரை மட்டும் வைத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் படுக்க வைத்து மேலாகத் தடவுங்கள். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் குழிந்த எண் கருப்பாக எழுந்து நிற்கும். அப்படியே ஒரு போட்டோ.

தகடும் இல்லை, எண்ணும் தேய்ந்துவிட்டது என்றால் டேப் போதும். டில்லர் என்ஜின் படுத்த வாக்கில் இருக்கிற ஒற்றை சிலிண்டர். ஹெட் கழன்றிருந்தால் துளையின் விட்டத்தையும், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரத்தையும் அளந்து சொல்லுங்கள். இரண்டும் 95 மில்லிமீட்டர் என்றால் 673 சிசி. 13 எச்பி மிட்சுபிஷி சக்தி வகை என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். நான்கு சக்கர டிராக்டரிலும் இப்படித்தான். செம்பியத்து டாஃபே பெர்குசன் உங்களிடம் நிறைய வரும். பெர்கின்ஸ் என்ஜினில் 3.152 என்று பார்த்தால், மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் இரண்டரை லிட்டர் என்று அர்த்தம். தகட்டில் சிம்ப்சன் பெயர் இருந்தால் அதே பெர்கின்ஸ் வகையை உரிமம் வாங்கி சென்னையில் செய்தது. சுழல்கிற பேரிங்கில் 'ஜப்பான்' என்று பொறித்திருப்பதைக் காட்டி "ஒரிஜினல் ஜப்பான் வண்டி" என்று என்னிடம் விலை ஏற்றிய கடைக்காரர் ஒருவர் உண்டு. ஜப்பான் பேரிங் இன்றைக்கும் பஜாரில் கிடைக்கிறது அண்ணா.

பெயிண்ட்டை நம்பவே கூடாது. நம் ஆட்கள் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டிக்கு நிறம் அடிப்பவர்கள். போன மாசி மாதம் பாப்பாரப்பட்டிக்கு அருகே பார்த்த டில்லரில் நகத்தால் சுரண்டச் சுரண்ட நீலம், அடியில் பச்சை, அதற்கடியில் கட்சிக் கொடி நிறம் ஒன்று (எது என்று சொல்ல மாட்டேன்), எல்லாவற்றுக்கும் நடுவில் சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு இறுகி ஓர் அடுக்கு. கம்பெனி நிறம் வேண்டுமென்றால் பிரஷ் போகாத இடத்தில் தேட வேண்டும். தகட்டின் முதுகுக்குப் பின்னால், டீசல் டேங்க் உட்காருகிற பட்டைக்கு அடியில், பெல்ட் கவரின் உள்பக்கம். தகட்டை நெம்பி எடுக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். தகடு இருந்த அந்தச் சின்னச் செவ்வகத்தில் மட்டும்தான் முதல் நாள் நிறம் மிச்சமிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், நம் ஊர் டில்லர்கள் ஓர் இடத்தில் முழுசாகக் கிடப்பதில்லை. உழவு நின்றதும் என்ஜினைக் கழற்றிக் கிணற்று மோட்டாருக்குப் பதிலாக வைப்பார்கள். கரும்பு ஆட்டுகிற கொட்டகைக்குக் கொண்டு போவார்கள். சேஸும் கியர் பெட்டியும் புளியமரத்தடியில் கோழிக்கு நிழலாக நிற்கும். ரோட்டரி கத்தி எல்லாம் களைக்கொத்தாகிவிடும். நான் முதன்முதலில் வாங்கிய வண்டியே இப்படி ஒட்டுப்போட்டதுதான். விற்ற தரகர் "ஒரே கை வண்டி" என்று சத்தியம் செய்தார். பட்டறையில் ஏற்றி கிளட்ச் புல்லியையும் என்ஜின் புல்லியையும் நேராக வைத்துப் பார்த்தால் அரை அங்குலம் விலகி நிற்கிறது. பெல்ட் ஓடினால் ஒரு பக்கம் நார் நாராகப் பிய்கிறது. என்ஜின் ஒரு கம்பெனி, கியர் பெட்டி வேறு கம்பெனி, நடுவில் லேத் பட்டறையில் கடைந்த இரும்புப் பட்டை. பதினெட்டு மாதம் போனது. அதில் இருந்த கியர் பெட்டிக்கு உரிய என்ஜின் எங்கோ உங்களில் ஒருவர் கடையில் எடை போடப்பட்டிருக்கும்.

இடையில் ஒன்று, கடையில் டில்லரை இறக்குகிற பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். இரண்டு கைப்பிடிக்கும் கீழே ஒவ்வொரு கிளட்ச் உண்டு. சமதரையில் இடது பக்கம் அழுத்தினால் வண்டி இடது பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் பிடிப்பை விட்டு வேகமாக உருண்டு, வண்டி நேர் எதிர்ப் பக்கம் போகும். பலகை போட்டு லாரியிலிருந்து இறக்கும்போது இந்த ஒரு விஷயத்தில் கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். என்ஜின் ஓடாத வண்டியானாலும் பின்னாலிருந்து கயிறு கட்டி இறக்குங்கள்.

தகட்டைப் பத்திரமாக வையுங்கள் என்றதும் ஒருவர் போன மாதம் டப்பா நிறையத் தகடு சேர்த்து வைத்துக்கொண்டு "விலை சொல்லுங்க" என்றார். அண்ணா, அது எனக்கு வேண்டாம். வண்டி இல்லாத தகடும் ஆர்சி புத்தகமும் திருட்டு வண்டிக்காரனுக்குத்தான் பயன்படும். டிராக்டரை உடைத்துவிட்டால் உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவு சொல்கிறது. அதைச் செய்யாமல் விட்ட புத்தகம் வேறொரு சேஸுக்குப் போய்ச் சேர்ந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் கடையில்தான். டில்லருக்குப் பல வீடுகளில் புத்தகமே இருக்காது. வாங்கிய ரசீதோ, கூட்டுறவுச் சங்கத்துக் கடன் சீட்டோ ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் விற்றவரிடம் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து. அது உங்களுக்கும் காப்பு, எனக்கும் வரலாறு.

"இதையெல்லாம் சரி பண்ணி என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்பீர்கள். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தின் கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களைப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்கக் கூட்டம் வருகிறது. 2021இல் மத்திய அரசு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பழம் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டு வந்து, 20,000 ரூபாய் கட்டணமும் வைத்தது. அது பைக்கையும் காரையும் மனதில் வைத்து எழுதியது. உழுத வண்டிக்கு அதில் இடமில்லை. காசுக்காரர் ஓட்டிய வண்டிக்கு மட்டும் பழமை மரியாதை என்பது எனக்கு ஒப்பவில்லை. இங்கிலாந்தில் சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர் ஒன்றைக் காட்டினால், எண்ணைப் பார்த்து எந்த வருஷம் கவென்ட்ரி ஆலையிலிருந்து வந்தது என்று ஊர்ப் பெரியவரே சொல்லிவிடுவார். 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டி. எந்த எண் எந்த வருஷம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு வந்த டில்லர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும். நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். எந்த ஊர், எந்த எண், எந்த வார்ப்பு, என்ன நிறம். இதுவரை 41 வண்டி. அதில் 29 உங்கள் கடைகளில் பார்த்தவை. அந்த 29இல் இன்று முழுசாக இருப்பது 3.

ஆகவே நான் கேட்பது இதுதான். டில்லரோ மினி டிராக்டரோ கடைக்கு வந்தால் ஒரு வாரம் வெட்டாமல் வையுங்கள். தகட்டைத் தொடாமல், சாக்பீஸ் தடவி நான்கு போட்டோ எடுங்கள்: தகடு, புடைத்த எண், குழிந்த எண், முழு வண்டி. கொடுத்தவரின் ஊர்ப் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் வந்து பார்த்து வேண்டாம் என்றால் அன்றைக்கே வெட்டிக்கொள்ளலாம். வேண்டும் என்றால் உங்கள் எடை விலைக்கு மேல் பத்துக்கு மூன்று கூட்டித் தருகிறேன், ஏற்றுக்கூலியும் குட்டியானை வாடகையும் என் செலவு. அடுத்த ஞாயிறு அரூர்ப் பக்கம் வருகிறேன். அங்கே யார் கடையிலாவது பெல்ட் கவரோடு ஒரு டில்லர் நிற்கிறதென்றால், தயவுசெய்து கேஸ் சிலிண்டரைத் திறக்காமல் இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டில்லர்காரன்